நடுச்சுவர்க் கடிகாரம்

கடிகாரம் மாட்ட என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "சின்ன வேலைதான், பத்து நிமிஷம்." பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு நான் எதற்கு என்று கேட்பதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். கண்ணாடி, அலமாரி, டி.வி., படம் என்று சுவரில் தொங்குகிற எதையும் மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. என்னை ஆணிக்காரர் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். மற்ற சாமான்களெல்லாம் தொங்கினால் போதும். பழைய பெண்டுலக் கடிகாரம் மட்டும் தொங்கிக்கொண்டே ஓடவும் வேண்டும். இது புரியாமல் காலண்டர் மாட்டுகிற ஆணியில் ஏழு கிலோவைத் தொங்கவிட்டு, கடிகாரம் கெட்டுப்போச்சு என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குக் காலையிலிருந்து தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நான் போன வீடு நீளமான ஓட்டு வீடு. நட்ட நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். இரண்டு வாசற்கதவு, இரண்டு அழைப்பு மணி, கொல்லைப் பக்கம் இரண்டு துணிக்கொடி. இடதுபக்கத்துக் கதவைத் திறந்தவர் லேத்துக்காரர். நாற்பது வருஷம் பட்டறையில் இரும்பு கடைந்தவர். எழுபதைத் தாண்டியிருந்தாலும் நிமிர்ந்து நின்றார்.

"வாங்க தம்பி. சின்ன வேலைதான்."

"பத்து நிமிஷம்," என்றேன்.

"ஆமாமா."

ஆள் தனியாக இருக்கிறார் என்பது உள்ளே போனதுமே தெரிந்தது. அடுப்படித் திட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. இரண்டாவது நாற்காலியில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருந்தன. கட்டிலில் விரித்திருந்த போர்வை மேல் கடிகாரத்தை, காய்ச்சல்காரனைப் படுக்கவைத்த மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்.

நல்ல கடிகாரம். இந்தத் தொழிலில் எத்தனையோ பார்த்தாயிற்று, இருந்தும் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டேன். கறுத்த தேக்குப் பெட்டி. எண்பது வருஷத்துக்குக் குறையாது. கதவுக் கண்ணாடி பழைய காலத்து ஊதுகண்ணாடி, தலையை ஆட்டினால் உள்ளேயிருக்கும் எண்கள் லேசாக நெளியும். முகப்புத் தகட்டில் வெள்ளைப் பூச்சு சாவித்துளையைச் சுற்றி மட்டும் தேய்ந்து, அடியிலிருந்த துத்தநாகம் தெரிந்தது. அத்தனை விரல்கள் சாவி கொடுத்திருக்கின்றன. பெண்டுலக் குண்டு பித்தளை. யாரோ வாராவாரம் துடைக்கிறார்கள். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. சாவி கொடுத்துப் பல்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். நடுச்சுவரில் ஐந்து ஓட்டைகள். ஐந்தையும் சிமெண்ட் வைத்து அடைத்து, சதுரம் சதுரமாகப் பட்டி தேய்த்திருந்தார்.

"இதென்னங்கய்யா, சுவருக்குக் கட்டு போட்டு வச்சிருக்கீங்க?"

"ஒரு மாசமா நின்னு நின்னு போகுது. எடத்த மாத்தி மாத்திப் பாத்தேன். ரசமட்டம் வச்சுத்தான் மாட்டினேன் தம்பி. ஒரு நூல் கூடப் பிசகலை."

விரல் கணுவால் சுவரைத் தட்டினேன். உள்ளே காலி டப்பா மாதிரி சத்தம். அந்தப்பக்கம் யாரோ ஒரு கதவைச் சாத்தினார்கள், என் உள்ளங்கைக்கு அடியில் சுவரே அதிர்ந்தது.

"யார் கட்டின சுவர் இது?"

"ஏன்?"

"ஹாலோ பிளாக்கைப் படுக்கப்போட்டு நாலு நாள்ல கட்டின மாதிரி இருக்கு."

"நான்தான் கட்டினேன். நாலு நாள்லதான்," என்றார் லேத்துக்காரர்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். சமாளித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். பொள்ளல் கல்லில் இத்தனை வருஷம் தாங்கின ஆணி தளர்ந்துவிட்டது, புதிதாக அடித்ததும் பிடிப்பில்லாமல் ஆடுகிறது. பெண்டுலம் இந்தப்பக்கம் போனால் பெட்டி அந்தப்பக்கம் அசைகிறது. பெண்டுலத்தின் வேகத்தையெல்லாம் பெட்டியே தின்றுவிடுகிறது. அப்புறம் எப்படி ஓடும்? எதிர்ப்பக்கம் வெளிச்சுவர் பழைய செங்கல் சுவர், முக்கால் முழக் கனம். அதில் மாட்டினால் நம் பேரன் காலம் வரைக்கும் ஓடும்.

"வேண்டாம். இந்தச் சுவர்லதான் மாட்டணும்."

"ஐயா, சுவர் சரியில்லைன்னு சொல்றேன்."

"வேற சுவர்னா நானே மாட்டியிருக்க மாட்டேனா? உங்கள எதுக்குக் கூப்பிடறேன்?"

இரும்பு கடைகிறவருக்கு இவ்வளவு எளிய கணக்கு விளங்காமலா இருக்கும்? எனக்குக் கோபம் வந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவர் வாசலைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார். செய்தித்தாள்களைத் தரையில் எடுத்து வைத்து, அந்த இரண்டாவது நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"அந்தப்பக்கம் என் தங்கச்சி இருக்கா," என்றார் மெதுவாக.

அவர் சொன்னதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அப்பா படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றாள் தங்கை. அப்பாவே போகமாட்டேன் என்கிறார், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் அண்ணன். பதினோராம் நாள் அப்பா போய்விட்டார். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "நீதான் கொன்னே" என்று தங்கை சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே சுவர் எழும்பிவிட்டது. அதற்கப்புறம் ஒரு சொல் இல்லை. அவருக்கு மனைவி போய்ப் பல வருஷம். தங்கை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு தட்டு.

"கடிகாரம் அப்பாவோடது. நாந்தான் வச்சுக்கிட்டேன். மொத வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து, சாவி குடுக்காம நின்னு போச்சு. மறுநாளே பால்காரர் வந்து கதவத் தட்டறார். 'பக்கத்துல அம்மா பாத்துட்டு வரச் சொன்னாங்க, மணிச் சத்தம் கேக்கலையாம்'னு. அப்பதான் தெரிஞ்சுது, அவ கேட்டுக்கிட்டு இருக்கான்னு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கூடச் சாவி குடுக்கத் தவறினதில்ல."

சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடந்த கடிகாரத்தின் கண்ணாடியை விரலால் துடைத்தார்.

"போன வாரம் திங்கக்கிழமை நின்னுச்சு. நான் வேணும்னே அப்படியே விட்டுட்டேன். ஒரு நாள் பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன். மூணு நாள் தம்பி. ஒருத்தரும் வரலை. பால்காரர் வந்தார், பால வச்சுட்டுப் போயிட்டார். நான் உள்ள செத்துக் கெடந்திருந்தா?"

எழுபது வயது மனிதர் மூன்று நாள் வாசற்கதவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். மூடின பையின் ஜிப்பை மறுபடி திறந்தேன்.

"சரி, இந்தச் சுவர்லயே மாட்டலாம்," என்றேன். "ஆனா ஆணி நிக்காது. சுவர ஊடுருவி ஓட்டை போட்டு நீளமா போல்ட் விட்டு, அந்தப்பக்கம் இரும்புத் தகடு வச்சு நட்டால முறுக்கணும். அப்பதான் ஆடாது. அந்தப்பக்கம் நான் போயாகணும்."

"போங்க. நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க."

"பின்ன, சுவரு அனுப்பிச்சுன்னு சொல்லவா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு வரைக்கும் கூடவே வந்தவர், "போனா ஒன்னே ஒன்னு பாத்துட்டு வாங்க. மணிச் சத்தம் அங்க கேக்குதான்னு," என்றார்.

வலதுபக்கத்து அழைப்பு மணியை அமுக்கினேன். நன்றாகத்தான் அடித்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். யாரும் வரவில்லை. நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓர் அம்மா கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"மணி அடிச்சீங்களா? உள்ள வேலையா இருந்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் என் வாயை விட்டு நகரவே இல்லை. "போல்ட்டா? இந்தச் சுவர்லயா? போடுங்க. அவரு கட்டின சுவர்தானே," என்றார்.

அந்த அறையும் அதே அளவு. சாமான்களும் அதே ஒற்றை ஒற்றை. கட்டிலின் தலைமாடு நடுச்சுவரை ஒட்டியே இருந்தது. ஜன்னல் காற்று வருகிற பக்கத்தை விட்டுவிட்டு, இந்தப் புழுங்குகிற சுவரோடு கட்டிலைச் சேர்த்துப் போட்டிருந்தார். அடுப்பில் கெட்டில் வைத்திருந்தார். கொதித்து விசில் அடித்துக்கொண்டிருந்தது. நானே போய் அணைத்தேன். அப்போதுதான் அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார்.

சுவரைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, கட்டிலக் கொஞ்சம் நகத்தணும்," என்றேன். பதில் இல்லை. திரும்பி முகத்துக்கு நேராகச் சொன்னதும், "அதுக்கென்ன, பிடிங்க," என்று ஒரு முனையைத் தூக்கினார்.

எனக்கு விளங்கிவிட்டது.

"எதை மாட்ட இவ்வளவு பெரிய போல்ட்டு?" என்றார்.

"கடிகாரம் அம்மா. பெண்டுலக் கடிகாரம்."

"அதத்தான் ரெண்டு வருஷம் முந்தியே கழட்டிட்டாரே."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஏழு வருஷம் இங்க படுத்துக் கேட்டவ நான். திடீர்னு சத்தம் சின்னதா ஆச்சு. மணி அடிக்கிற சுத்தியல்ல துணி கட்டிட்டாரு போலன்னு நெனைச்சேன். அப்புறம் மணி மட்டும் லேசா வந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு உள் ரூமுக்குக் கொண்டு போயிட்டாரு. சரி, அவரு பொருள், அவரு இஷ்டம். நான் எதையும் கேட்டுக்கலை."

"கடிகாரம் இந்தச் சுவரை விட்டு எங்கயும் போகலம்மா. போன மாசம் வரைக்கும் ஒரு நாள் நிக்காம மணி அடிச்சிருக்கு," என்றேன், ஒவ்வொரு சொல்லாக.

அந்தம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தொரு வருஷம் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தேன் தம்பி. டெலிபோன் ஆபரேட்டர். ஒரே ஒரு 'ஹலோ'வ வச்சு யாரு பேசறாங்கன்னு சொல்லிடுவேன். லேத்துல ஒக்காந்து ஒக்காந்து இவரு காதுதான் போகும்னு கேலி பண்ணுவேன்." காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டார். "ஒரு காது போனதும் தெரிஞ்சுது. இன்னொன்னு இவ்வளவு போயிருச்சுன்னு நான் ஒத்துக்கலை. தெருவுல எல்லாரும் மெதுவாப் பேசறாங்கன்னு நெனைச்சுக்கிட்டேன்."

"போன வாரம் கடிகாரம் மூணு நாள் நின்னுச்சு," என்றேன்.

"அவருக்கு ஒன்னும் இல்லையே? தெனமும் காலைல அவரு கொடியில சட்டை காயுதான்னு பாப்பேன். சட்டை இருந்துச்சே. நீலச் சட்டை, அப்புறம் கோடு போட்டது, அப்புறம் மறுபடி நீலம்."

மூன்று நாளைக்கும் சட்டைக் கணக்கு வைத்திருந்தார். இதை அந்தப்பக்கம் போய்க் கத்திச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அந்தம்மாவோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கேக்கலைங்கறத அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. பரிதாபப்பட்டு வந்து நிக்கறதுக்கு, வராமலே இருக்கட்டும்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்னுடைய முட்டாள்தனம் அது. அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என இரண்டு வாக்கைச் சுமந்துகொண்டு டிரில்லைக் கையில் எடுத்தேன்.

ஓட்டை போடுவது பெரிய காரியமில்லை. அந்தப்பக்கம் அண்ணன் சுவரோடு பழைய பேப்பரைச் சேர்த்துப் பிடித்தார், இந்தப்பக்கம் தங்கை பிடித்தார். தூள் இரண்டு பேப்பரிலும் கொட்டியது. போல்ட்டை விட்டுத் தகடு வைத்து முறுக்கினேன். பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. அண்ணன் பக்கம் வந்து கடிகாரத்தை மாட்டினதும் லேத்துக்காரர் ரசமட்டத்தோடு ஓடி வந்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. பெண்டுலத்தைத் தட்டிவிட்டேன்.

"நொண்டுது," என்றேன்.

"ஆமா," என்றார். அவருக்குச் சுத்தமாகக் காது கேட்டது. டிக் என்பதற்கும் டாக் என்பதற்கும் நடுவே ஒரு பக்கம் இடைவெளி அதிகமாக இருந்தது.

"ரசமட்டம் நம்ம கண்ணுக்குங்கய்யா. கடிகாரத்துக்குக் காதுதான் மட்டம்." பெட்டியின் அடிப்பாகத்தை நெல்லளவு இடப்பக்கம் தள்ளினேன். இன்னும் கொஞ்சம். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். சத்தம் ஒரே சீராக வந்த இடத்தில் நிறுத்தி, கீழே இரண்டு பக்கமும் அசையாமல் திருகு போட்டேன். கடிகாரம் கண்ணுக்கு லேசாகச் சாய்ந்துதான் நின்றது. நூல் பிசகாத மனிதருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் ரசமட்டத்தை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டார்.

நட்டை இன்னொரு சுற்று முறுக்க அந்தப்பக்கம் போனேன். டெலிபோன் அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் போல்ட்டின் முனையில் வைத்தேன்.

முதலில் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இரும்பு வழியாக மெல்லிய துடிப்பு வந்துகொண்டிருந்தது. அதே நேரம் கடிகாரம் மணி அடிக்க ஆரம்பித்தது. அவர் விரலை எடுக்காமலே எண்ணினார். ஒன்பது, பத்து, பதினொன்னு, பன்னெண்டு. முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. கட்டிலை மறுபடி சுவரோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். விரலைப் போல்ட்டில் வைத்தபடியே அதில் உட்கார்ந்தார். நான் விடை சொன்னதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்தப்பக்கம் லேத்துக்காரர் எனக்காகத் தேநீர் போட்டு வைத்திருந்தார். இன்னொரு டம்ளரை எங்கிருந்தோ தேடி எடுத்திருக்கிறார். நான் ஒரு மிடறு குடிப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"அங்க கேக்குதா?"

"தெரியுது," என்றேன்.

"கேக்குதான்னு கேட்டேன்."

"மணி பன்னெண்டு அடிச்சதை எண்ணினாங்க ஐயா. நான் பக்கத்துலதான் நின்னேன்." அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நல்லாக் கேட்டிருக்கு," என்றார். "மூணு நாள் நின்னதும் தெரிஞ்சிருக்கு."

நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "அப்படி இல்லீங்கய்யா..." என்று ஆரம்பித்தேன். தங்கைக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"செத்தாலும் வரமாட்டா. அப்பா விஷயத்த அவ மறக்கலை. நான்தான் கெழட்டுக் கிறுக்கன், ஒன்பது வருஷமா அவளுக்கு மணி அடிச்சுக்கிட்டு இருக்கேன்." அவர் எழுந்து போய்க் கடிகாரக் கதவைத் திறந்து, பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "கழட்டுங்க. நீங்க சொன்ன சுவர்லயே மாட்டிடுங்க. அதான் சரியான எடம்."

"ஐயா, கொஞ்சம் பொறுங்க."

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல?"

திருப்புளியை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் போய் நின்றேன். சொல்லிவிடலாமா, வாக்காவது மண்ணாவது என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு திருகைக் கழற்றினேன். இரண்டாவதில் திருப்புளியை வைத்தபோது வாசற்கதவு படபடவென்று அதிர்ந்தது. இரண்டு கையாலும் அறைகிற சத்தம். அழைப்பு மணி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு அடித்த அடி.

லேத்துக்காரர் போய்த் திறந்தார். டெலிபோன் அம்மா நின்றார். காலில் செருப்பு இல்லை. தலையெல்லாம் தூறல். அண்ணனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். நிற்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டதும் அவருக்கு மூச்சே திரும்பி வந்தது.

"நின்னுருச்சு," என்றார். "இப்பத்தானே ஓடிச்சு, ஏன் நின்னுருச்சு?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வா, உள்ள வா," என்றார் ஜன்னலைப் பார்த்து. அந்தம்மாவிடம் அசைவே இல்லை. அவர் இன்னொரு தடவை, "உள்ள வான்னு சொல்றேன்ல பாப்பா," என்றார். அந்தம்மா வாசற்படியிலேயே நின்றார். அழைத்தது காதில் விழுந்திருந்தால்தானே. அவர் அதை மறுப்பென்றே எடுத்துக்கொண்டார். தோள் தொங்கிவிட்டது.

அதற்குள் அந்தம்மா தானாகவே உள்ளே வந்துவிட்டார். ஈரக் காலோடு நேரே கடிகாரத்திடம் போனார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அதை நேரில் பார்க்கிறார். பித்தளைக் குண்டைச் சுண்டுவிரலால் ஒரு பக்கம் இழுத்து விட்டார். ஒரு திருகு கழன்ற நிலையிலும் அது ஆடத் தொடங்கியது. அறை முழுக்க டிக் டாக் என்று நிறைந்தது. அந்தம்மா தலையைச் சாய்த்துக் காதைக் கடிகாரத்தோடு ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஓடுதா?" என்றார்.

லேத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தங்கையின் காதைப் பார்த்தார், அதிலிருந்து விரற்கடை தூரத்தில் அடித்துக்கொண்டிருந்த பெண்டுலத்தைப் பார்த்தார்.

"அண்ணே, ஓடுதா?" அந்த அறைக்குத் தேவையில்லாத அளவுக்குச் சத்தமாகக் கேட்டார் அந்தம்மா.

"ஓடுது," என்றார் அவர்.

பிறகு சுற்றிக்கொண்டு தங்கைக்கு முன்னால் வந்தார். தன் வாய் தெரிகிற மாதிரி நேராக நின்றுகொண்டு, இன்னொரு தடவை சொன்னார்.

"ஓடுது பாப்பா."